செங்கோட்டை வீடு (குடும்பக் குழு)

மீனா: லயன்ஸ் கிளப் கண் முகாம்ல நிக்கேன். பேர் எழுதுற மேஜை எனக்கு. ஆரியங்காவு பக்கமிருந்து ஜீப் நெறைய ஆள் வந்து எறங்கிருக்கு. ஆதார், போன் நம்பர்னு கேட்டே தொண்டை வறண்டுட்டு.

கார்த்தி: அக்கா, பெரியம்மாவ கூட்டியாரவா? டிவிய ஒட்டி உக்காந்து பாக்கா.

மீனா: கூட்டியா. சுகர் மாத்திரைச் சீட்டு எடுத்துக்கோ. சொட்டு விட்டா கொஞ்ச நேரத்துக்கு மங்கலா இருக்கும், பைக் வேண்டாம், ஆட்டோ புடி.

புனலூர் சித்தி: முகாம்னதும் அம்மா ஞாபகந்தான். அப்ப பள்ளிக்கூடத்துல பெஞ்ச ஒதுக்கிட்டு ஆபரேசன். நான் தென்மலைல இருந்து ரயில்ல வந்தேன், மீட்டர் கேஜ்லா அப்ப. தலை அசையக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வச்சிருந்தாங்க. அம்மா வெத்தல கேட்டு ஒரே சண்டை 😂

பெரிய மாமா: அதுக்கப்புறம் அந்த சோடாபுட்டி கண்ணாடி! காப்பி டம்ளருக்குக் கைய நீட்டுவா, டம்ளர் எட்டுறதுக்கு முன்னாடியே விரல் மூடிக்கிடும். நாங்க சிரிப்போம், அவளும் சிரிப்பா. படி எறங்கயில மட்டும் சிரிக்க மாட்டா.

மீனா: மாமா, இப்பதான் இங்க டாக்டர்ட்ட கேட்டேன். அந்தக் காலத்துல புரை விழுந்த லென்ச எடுத்துட்டு உள்ள ஒண்ணும் வைக்காம விட்டுருவாங்களாம். அந்த வேலைய வெளிய கண்ணாடிதான் பாக்கணும். அதுல எல்லாமே கால்வாசி பெருசாத் தெரியும், அதனால பக்கத்துல இருக்காப்புல தோணும். இப்ப கண்ணுக்குள்ளயே லென்ஸ் வச்சிருதாங்க.

பெரிய மாமா: ஓஹோ. "டம்ளர் தள்ளித் தள்ளிப் போவுதுடா"ம்பா. சரியாத்தான் சொல்லிருக்கா.

கார்த்தி: சிங்கத்துக்கும் கண்ணுக்கும் என்னக்கா சம்பந்தம்?

மீனா: 1925ல ஹெலன் கெல்லர்னு கண்ணும் தெரியாத, காதும் கேக்காத எழுத்தாளர் அமெரிக்கால லயன்ஸ் மாநாட்டுக்கே போயி, பார்வையில்லாதவங்களுக்காக நில்லுங்கன்னு கேட்டாங்க. அதுல இருந்து பிடிச்சுக்கிட்டாங்க. ஏல, பேசிட்டே நிக்காத, டோக்கன் முடியப் போவுது.

கார்த்தி: பெரியம்மா வரமாட்டேங்கா. போன மூக்குல ஒட்டி வச்சு சித்தி மெசேஜ படிச்சிட்டா. மணல் மூட்டைக்குப் பயப்படுதா.

புனலூர் சித்தி: அய்யோ நான் சும்மா பழைய கதை சொன்னேன் 🙈

மீனா: பெரியம்மா, இன்னைக்கு வெறும் சோதனைதான். ஆபரேசன்னாலும் இப்பல்லாம் மூட்டையும் இல்ல, பாயும் இல்ல. பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிருவாங்க.

பெரியம்மா: 🎤 குரல் செய்தி 0:09

கார்த்தி: கேட்டீங்களா? "வாரேன், ஆனா சோடாபுட்டி மாட்டச் சொன்னா எந்திரிச்சு வந்துருவேன்"ங்கா. ஆட்டோ வந்தாச்சு.