ஊருணி வரத்துக்கால்: பழைய வரைபடம் எங்கே கிடைக்கும்?

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி பக்கம் எங்கள் ஊர். ஊருணிக்கு மேற்கே உள்ள பொட்டலில் மனை பிரிக்கக் கல் ஊன்றிவிட்டார்கள். மழை பெய்தால் அந்தச் செம்மண் மேட்டுத் தண்ணீர்தான் வரத்துக்கால் வழியாக ஊருணிக்கு வரும். கேட்டால், “ஊருணியை நாங்கள் தொடவே இல்லையே” என்கிறார்கள். வரத்தை அடைத்துவிட்டால் ஊருணி வெறும் பள்ளம்தானே! படித்துறை கட்டிய ஐயாக்களுக்கு இது தெரிந்திருந்தது.

அ-பதிவேடும் (ஊரின் நில விவரப் பதிவேடு) புலப்படமும் (ஒவ்வொரு புல எண்ணுக்கும் உள்ள அளவு வரைபடம்) இணையத்தில் எடுத்துவிட்டேன். புலப்படத்தில் வரத்துக்கால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பழைய கிராம வரைபட நகலை யாரிடம் கேட்பது? அப்புறம், அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டால், நகர் ஊரமைப்புத் துறை மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது அதைக் கணக்கில் எடுக்குமா? அனுபவப்பட்ட அண்ணன்மார், ஆச்சிமார் கொஞ்சம் சொல்லுங்கள்.