குளிர்காலத்தில் கிணற்று மோட்டார் இணைப்பு உறையாமல் காப்பது எப்படி?

தேன்மொழி கேட்கிறார்:

வணக்கம். கோடையில் நாங்கள் குடிவந்த வீட்டுக்குப் பொதுக் குழாய் இணைப்பு கிடையாது. சொந்த ஆழ்துளைக் கிணறுதான். நீர்மூழ்கி மோட்டார் கிணற்றுக்குள் இருக்கிறது. தண்ணீர் மண்ணுக்கடியில் வந்து, வீட்டுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் மரக் கொட்டகையில் மேலேறி, பிரஷர் டேங்க் (தண்ணீரை அழுத்தத்தோடு சேர்த்துவைக்கும் தொட்டி), வடிகட்டி எல்லாம் கடந்து, மறுபடி மண்ணுக்குள் இறங்கி வீட்டுக்குள் வருகிறது. கொட்டகையில் சூடேற்ற எந்த ஏற்பாடும் இல்லை. பலகை இடுக்குகளில் வெளிச்சம் தெரிகிறது. வெளிச்சம் வருகிற வழியில் காற்றும் வரும் அல்லவா?

குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை மைனஸ் 15 டிகிரி வரை இறங்குமாம். வீட்டில் வயதான மாமியாரும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். ஒரு நாள்கூடத் தண்ணீர் நிற்கக்கூடாது. குழாய்களுக்கு உறை சுற்றி, இரவில் ஒரு குழாயைச் சொட்டவிட்டால் போதுமா?

பனிக்காலன்:

போதும் என்றே நினைக்கிறேன், சகோதரி. கடையில் கிடைக்கும் நுரை உறையை வாங்கி எல்லாக் குழாய்களிலும் மாட்டுங்கள். கொட்டகையில் ஒரு பல்பை இரவெல்லாம் எரியவிடுங்கள். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இப்படித்தான்.

கிணற்றடி:

மோட்டார் வேலை பார்த்தே காலம் தள்ளியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது போதாது. உறை சூட்டைத் தராது. குழாயில் இருக்கும் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை நிலத்தடியிலிருந்து புதுச் சூடு வந்துகொண்டே இருக்கும்; உறை அதைக் காக்கும். இரவு முழுதும் யாரும் குழாய் திறக்காத வீட்டில் காக்க என்ன மிஞ்சும்? பல்பும் அப்படித்தான். பழைய இழை பல்பு நல்ல சூடு தந்தது. இப்போதைய எல்.இ.டி. பல்பை நம்பிக் கொட்டகையை விட்டுவிடாதீர்கள்.

அம்மா, நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பெரிய குழாயை அல்ல. டேங்குக்குப் பக்கத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பெட்டி இருக்கும். அதுதான் பிரஷர் சுவிட்ச்; குழாயில் அழுத்தம் குறைந்தால் மோட்டாரைக் கிளப்பும், நிறைந்தால் நிறுத்தும். அதைத் தாங்கி நிற்பது கால் அங்குலக் குழாய்த்துண்டு, விரலை விட மெலிந்தது. குழாய்களைச் சொட்டவிட்டால் பெரிய குழாயில் தண்ணீர் நகரும். இந்தத் துண்டுக்குள் நகராது. அது முட்டுச்சந்து. தேங்கி நிற்கும் அந்தச் சிறு தண்ணீர்தான் பெரும்பாலும் முதலில் உறைகிறது.

உறைந்தால் என்ன ஆகும்? சுவிட்சுக்குக் குழாயின் அழுத்தம் தெரியாமல் போகும். அழுத்தம் நிறைந்திருந்த நேரத்தில் உறைந்தால், டேங்க் காலியான பிறகும் மோட்டார் கிளம்பாது. வீட்டில் எல்லோரும் மோட்டார் எரிந்துவிட்டதாக நினைத்து ஆளைக் கூப்பிடுவார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது உறைந்தால் இன்னும் மோசம்: மோட்டார் நிற்கவே நிற்காது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே அதிக அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் வால்வு உங்கள் இணைப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் குளிருக்கு முன் பொருத்திவிடுங்கள்.

அடுத்தது வடிகட்டியின் பிளாஸ்டிக் கிண்ணம். தண்ணீர் உறையும்போது கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். அந்தக் கிண்ணம் அதைத் தாங்காது. வீட்டுக்குள் இடம் இருந்தால் வடிகட்டியை உள்ளே மாற்றுங்கள். உண்மையில் டேங்க், சுவிட்ச், வடிகட்டி மூன்றையும் வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் நிரந்தரத் தீர்வு. ஆனால் இந்தக் குளிருக்குள் அது முடியாது என்று வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் கொட்டகைக்குச் சூடு வேண்டும். முதலில் பலகை இடுக்குகளை அடைத்துவிடுங்கள். காற்று புகுந்தால் எந்த ஹீட்டரும் தோற்கும். பிறகு தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைப் பார்த்துத் தானே இயக்கி அணைக்கும் கருவி) வைத்த சிறிய மின்சார ஹீட்டரைச் சுவரில் பொருத்தி, 5 டிகிரிக்கு அமைத்துவிடுங்கள். உறையாமல் இருந்தால் போதும், அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டியதில்லை. தெர்மோகோல் அட்டையோ வைக்கோலோ ஹீட்டரின் அருகே இருக்கக்கூடாது. குழாய்களில் சுற்றும் ஹீட்டிங் கேபிள் வாங்கினால், குளிருக்கேற்பத் தானே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வகையை வாங்குங்கள். சாதாரண வகையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் அந்த இடம் கருகும். பிளாஸ்டிக் குழாயில் சுற்றலாம் என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். எதுவானாலும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் வழியாகத்தான் இணைக்க வேண்டும். ஈரமான இடம் அது.

ஒரு தெர்மாமீட்டரையும் வையுங்கள், தரையோடு தரையாக, டேங்கின் காலடியில். கண் உயரத்தில் மாட்டியது 6 டிகிரி காட்டும்போது கீழே உள்ள முழங்கைக் குழாய் உறைந்துகொண்டிருக்கலாம். குளிர்ந்த காற்று கீழேதான் தங்கும்.

தேன்மொழி:

மிக்க நன்றி, ஐயா. அந்தச் சிறு துண்டைப் போய்ப் பார்த்தேன், பக்கத்திலேயே ஓர் இடுக்கு. காற்று நேராக அதன் மேல்தான் அடிக்கிறது! இரண்டு சந்தேகங்கள். தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிணற்றின் தலைக்கு உறை போடலாமா? பனிப்புயலில் மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது?

மண்வெட்டி:

கிணற்றுத் தலைக்கு நான் பதில் சொல்கிறேன். நவீனக் கிணறுகளில் தண்ணீர் தலைவரை வருவதில்லை. மண் உறையும் ஆழத்துக்குக் கீழேயே, பிட்லெஸ் அடாப்டர் என்ற இணைப்பு வழியாகப் பக்கவாட்டில் பிரிந்து போகிறது. அப்படியிருந்தால் தலைக்கு எதுவும் தேவையில்லை. மூடியில் காற்றுத் துளை இருக்கும், அதை மட்டும் அடைத்துவிடாதீர்கள். வைக்கோல் குவித்தால் எலி குடியேறும். குடிக்கிற தண்ணீர் கெடும்.

இன்னொன்று: மண்ணுக்குள் குழாய் போகும் வழியின் மேல் விழும் பனியை அள்ளாதீர்கள், வண்டியும் ஏற்றாதீர்கள். மிதிபடாத பனி நல்ல போர்வை. வாரி ஒதுக்கிய பாதையின் கீழேதான் குளிர் ஆழமாக இறங்கும். தோட்டக் குழாயில் ஹோஸ் மாட்டியிருந்தால் இன்றே கழற்றுங்கள். உறையாத வகைத் தோட்டக் குழாயானாலும், ஹோஸ் மாட்டியிருந்தால் உள்ளிருக்கும் நீர் வடியாது.

கிணற்றடி:

மண்வெட்டி சொன்னது அத்தனையும் சரி. மின்வெட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

மின்சாரம் போனால் மோட்டாரும் இல்லை, ஹீட்டரும் இல்லை. டேங்கில் மிச்சமிருப்பதுதான் உங்கள் கையிருப்பு. அதை உடனே வீட்டுக் குழாயில் பாத்திரங்களில் பிடித்துவிடுங்கள். குழந்தைக்கும் மாமியாருக்கும் அன்றைய தண்ணீர் அது. கொட்டகையின் தெர்மாமீட்டர் 2 டிகிரிக்கு இறங்கினால் காத்திருக்க வேண்டாம். மோட்டாரின் மெயின் சுவிட்சை அணையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் மின்சாரம் வந்ததும் அது கிளம்பிவிடும். வீட்டுக்குள் ஒரு குழாயைத் திறந்துவைத்து, டேங்கின் அடியில் உள்ள வடிகால் வால்வைத் திறந்து முழுதும் வடியவிடுங்கள். வடிகட்டிக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றிக் கவிழ்த்துவையுங்கள்.

தப்பித் தவறி உறைந்துவிட்டால், முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, வீட்டுக் குழாய் ஒன்றைத் திறந்துவையுங்கள். பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கும் தண்ணீரின் அழுத்தம்தான் பெரும்பாலும் குழாயை வெடிக்கவைக்கிறது. திறந்த குழாயின் பக்கத்திலிருந்து தொடங்கி, ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடேற்றுங்கள். தீப்பந்தமோ கேஸ் சுடரோ கூடவே கூடாது. மரக் கொட்டகை அம்மா அது.

அந்த வடிகால் வால்வு துருப்பிடித்துத் திரும்பாமல் இருக்க வாய்ப்புண்டு. பகல் வெளிச்சத்தில் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். திரும்பாவிட்டால் பலம் காட்டாதீர்கள். படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.