அப்பத்தா வீட்டு வாரிசுக குரூப்: தரைப்பாலமும் அஞ்சு காப்பியும்

புதன், 29 அக்டோபர் 2025

சின்ன மாமா, காலை 6.48
(போட்டோ)

சின்ன மாமா, 6.50
ஓடையில தண்ணி வந்துருச்சு. தரைப்பாலத்து மேல முழங்காலுக்கு ஓடுது. ஸ்கூல் வேன் அக்கரையிலயே நின்னு ஆரனடிச்சுக்கிட்டு இருக்கான், புள்ளைக இக்கரையில யூனிபார்மோட நிக்கிதுக. யாரும் வண்டிய எறக்கிறாதீங்க, வடக்கு ஓரத்துல கல்லு பேந்து கெடக்கு, போன வருசம் பால்காரர் விழுந்த அதே எடம்

பெரியக்கா (அட்மின்), 7.02
அய்யய்யோ. அப்பத்தாவுக்கு இன்னைக்கு பிரஷர் மாத்திரை வாங்கணுமே

சின்ன மாமா, 7.03
வாங்கியாச்சுத்தா. நேத்தே

சித்தப்பா, 7.11
காலையிலேயே பாலத்தப் போட்டோ புடிச்சுப் போட்டாச்சா மாப்ள. நாலு குரூப்புக்கு அனுப்பிருப்பீரு, கூடவே "இதுதான் சாதனையா"ன்னு ஒரு வரி

சின்ன மாமா, 7.12
மச்சான் நான் குடும்பக் குரூப்புலதான் போட்டேன். உங்களுக்குக் குத்துனா நான் என்ன பண்ண

சித்தப்பா, 7.14
உங்க ஆட்சியில பத்து வருசம் அதே பாலம் அதே ஓடைதான இருந்துச்சு, அப்ப எங்க போனீரு

சின்ன மாமா, 7.14
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பெரியக்கா (அட்மின்), 7.16
மாமா டெலீட் பண்ணாலும் நான் பாத்துட்டேன். கட்சிப் பேரு, சின்னம், தலைவர் போட்டோ எதுவும் இங்க வரக்கூடாதுன்னு 2021 எலக்சன் சண்டைக்கு அப்பறம் முடிவு பண்ணது. முளைப்பாரிச் செலவுக்கு 100 ரூபா எடுத்து வைங்க

சின்ன மாமா, 7.17
சின்னம் மட்டுந்தாத்தா போட்டேன். பேரு போடல

பெரியக்கா (அட்மின்), 7.17
100

தம்பி, 7.31
ஒரு விசயம் சொல்றேன் யாரும் கோவப்படாதீங்க. எம்எல்ஏவோட வேலை சபையில போயி சட்டம் போடுறது, பட்ஜெட்டுல கேள்வி கேக்குறது. பாலம் கட்டுறது அவர் வேலையே இல்ல. நம்ம ஆளுக கரண்டு போனாலும் எம்எல்ஏ கல்யாண வீட்டுக்கு வரலன்னாலும் எம்எல்ஏவத்தான் திட்டுறோம்

சித்தப்பா, 7.33
வந்துட்டாரு புதுக் கட்சி. உறுப்பினர் கார்டு போன்ல வந்து முழுசா ரெண்டு மாசம் ஆகல, அப்பனுக்குப் பாடம் எடுக்குறான்

தம்பி, 7.33
அப்பா நீங்க பேர் சொல்லல ஆனா கட்சின்னு சொல்லிட்டீங்க

பெரியக்கா (அட்மின்), 7.34
அதுக்கு ஃபைன் இல்ல

மதுரை அத்தை, 8.20
எல்லாத்தையும் இப்பத்தான் படிச்சேன். தம்பி சொல்றது பாதி சரி. சட்டம் போடுறது வேலைதான், ஆனா பணம் எதுக்கு ஒதுக்குறாங்கன்னு பாக்குறதும் அதே வேலைதான். 2022 ஆகஸ்ட்ல 234 எம்எல்ஏவுக்கும் முதலமைச்சர் லெட்டர் எழுதுனாரு, எந்தக் கட்சின்னு பாக்காம, உங்க தொகுதியில நெடுநாளா கெடக்குற முக்கியமான பத்துக் கோரிக்கைய கலெக்டர்ட்ட குடுங்கன்னு. நம்ம தொகுதிப் பட்டியல்ல இந்தப் பாலம் இருந்துச்சா? உங்க ரெண்டு பேர்ல யாராச்சும் போயி கேட்டீங்களா?

சித்தப்பா, 8.24
அக்கா அந்தாளு எங்க கட்சி எம்எல்ஏ இல்லையே. நான் போயி நின்னா எப்படி இருக்கும்

சின்ன மாமா, 8.25
எங்க ஆளுதான். ஆனா அப்ப எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல, ஒன்றியப் பதவி விசயத்துல

மதுரை அத்தை, 8.26
ஆக பத்துல ஒண்ணா எழுதவேண்டியது உங்க ரெண்டு பேரு ரோசத்துல போச்சு

சிங்கப்பூர் அண்ணன், 8.40
எம்எல்ஏ ஃபண்டுல கட்ட முடியாதா அத்தை? வருசத்துக்கு 3 கோடி இருக்குல்ல

மதுரை அத்தை, 8.47
இருக்குப்பா. அந்த 3 கோடிய தொகுதி பூராவும் நிழற்குடை, ரேஷன் கடை, தண்ணித் தொட்டி, ஸ்கூல் கட்டடம்னு பிச்சுக் குடுக்கணும். ஓடைக்கு ஒசத்திப் பாலம்னா பெரிய எஸ்டிமேட், அதுக்கு துறைப் பணம்தான் வரணும்

சித்தப்பா, 8.52
நான் ஒண்ணு சொல்றேன். தேர்தல் அறிக்கைக் குழு மாவட்டம் மாவட்டமா வருவாங்க, அதுல எழுதிக் குடுத்துர்றேன்

மதுரை அத்தை, 8.53
டேய். 234 தொகுதிக்குப் போடுற அறிக்கையில நம்ம ஊரு ஓடையா வரும்

தம்பி, 8.55
அப்ப பட்ஜெட்டுல கேக்கச் சொல்லலாம்ல அத்தை? நெடுஞ்சாலைத் துறைக்குப் பணம் ஒதுக்குற மானியக் கோரிக்கை வரும்போது எம்எல்ஏ எந்திரிச்சுப் பேசட்டும்

மதுரை அத்தை, 9.10
அதுலதான் இந்த வருசம் சிக்கல். இந்த மாசம் 14லருந்து 17 வரைக்கும் நாலு நாள் சபை நடந்து முடிஞ்சுபோச்சு. இனி ஜனவரியில கவர்னர் உரை, அப்பறம் எலக்சன் வருசங்கிறதால இடைக்கால பட்ஜெட்டுதான், செலவுக்கு முன்பணம் மாதிரி வாங்கிக்கிட்டுக் கெளம்பிருவாங்க, துறை துறையா மானியக் கோரிக்கை விவாதம் இருக்காது. 2021 எப்படின்னு பாருங்க, பிப்ரவரியில இடைக்காலம், ஆட்சி மாறி ஆகஸ்ட் 13ந்தேதிதான் திருத்துன பட்ஜெட். அதனால இப்ப விட்டோம்னா அடுத்த மழைக்கும் புள்ளைக இக்கரையிலதான்

பெரியம்மா, 9.22
(வாய்ஸ் மெசேஜ், 1.47)

பெரியக்கா (அட்மின்), 9.25
அம்மா சொல்றத டைப் பண்றேன். பாலத்த விடுங்க, மேலத் தெரு கெழவிக்கு முதியோர் பென்சன் ரெண்டு மாசமா வரல, அத யாராச்சும் எம்எல்ஏட்ட சொல்லுங்க. அப்பறம் மெதுவடை மாவு அரைச்சிருக்காம் யாராச்சும் வந்து வாங்கிக்கங்க

மதுரை அத்தை, 9.31
மதினி அதுக்கு எம்எல்ஏ வேணாம். "உங்களுடன் ஸ்டாலின்" முகாம் நம்ம பக்கம் வரும்போது அந்தம்மாவக் கூட்டிட்டுப் போங்க. கிராமத்து முகாம்ல 15 துறை 46 சேவை வச்சிருக்காங்க, 45 நாளைக்குள்ள பதில் சொல்லணும்

சின்ன மாமா, 9.32
அட்மின், தலைவர் பேரு வந்துருச்சு. 100

பெரியக்கா (அட்மின்), 9.33
அது திட்டத்துப் பேரு மாமா

சின்ன மாமா, 9.33
அதத்தான நாங்களும் கேக்குறோம், திட்டத்துக்கு எதுக்கு

பெரியக்கா (அட்மின்), 9.34
மாமா வேணாம்

மதுரை அத்தை, 10.05
(போட்டோ: செய்தித்தாள் விளம்பரம்)
இதப் பாருங்க. சட்டமன்றப் பேரவை மனுக்கள் குழு நம்ம மாவட்டத்துக்கு வருதாம். எம்எல்ஏக்கள் உக்காந்திருக்குற குழு, பல கட்சிக்காரங்களும் இருப்பாங்க. பல வருசமா தீராத பொதுப் பிரச்சினைய யாரு வேணும்னாலும் எழுதிப் போடலாம். அவங்க அதிகாரிகளக் கூட வச்சுக்கிட்டே எடத்தப் பாப்பாங்க, நான் ஆபீசுல இருந்தப்ப ஒரு தடவ வந்தாங்க, ஃபைலத் தேடி எங்க ஆபீசே ராத்திரி பத்து மணி வரைக்கும் முழிச்சுக் கெடந்துச்சு

மதுரை அத்தை, 10.09
ஆனா ரூல் இருக்கு. தமிழ்ல மட்டும் எழுதணும். தேதி போட்டுக் கையெழுத்து. அஞ்சு காப்பி. ஒரு மனுவுல ஒரே ஒரு பிரச்சினை, அதுவும் ஒரே ஒரு துறை. கோர்ட்டுல கேஸ் இருக்கக்கூடாது. வேலை, பட்டா, முதியோர் பென்சன், லோன், டிரான்ஸ்பர், இன்ன ஆபீசர் சரியில்லங்கிற பிராது, எதுவும் கூடாது

சிங்கப்பூர் அண்ணன், 10.15
பட்டா கூடாதா? வடக்குக் கொல்லைக்குப் பட்டா மாறுதல் நிக்கிதே அதையும் சேத்து ஒரு வரி எழுதலாம்னு பாத்தேன்

மதுரை அத்தை, 10.15
தலையில அடிச்சுக்குறேன்

நான், 10.22
அத்தை ஒரே துறைன்னா ரோடு யாருதுன்னு மொதல்ல தெரியணும்ல. ஒன்றியத்துல கேட்டா ஹைவேஸ் எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்றாங்க, அங்க கேட்டா எங்க லிஸ்ட்ல இல்லங்கிறாங்க. ஜனவரி 5ல பதவிக்காலம் முடிஞ்சதுலருந்து பஞ்சாயத்துத் தலைவரும் கெடையாது, அவருக்குப் பதிலா இருக்குற தனி அலுவலருக்கு நம்ம ஊரு மாதிரி எத்தன ஊரு

சித்தப்பா, 10.24
அதான் உண்மை. நேத்து வரைக்கும் தலைவர் வீட்டுத் திண்ணையில போயி சத்தம் போடலாம், இப்ப யாரு திண்ணை இருக்கு

தம்பி, 10.40
ஒரு நிமிசம். என் பேக்ல ஒரு கவர் இருக்கு

தம்பி, 10.52
(போட்டோ)
ஜூலையில நான் தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டேன், ரோடு யாருதுன்னு. பதில் வந்துருச்சு. ஊராட்சி ஒன்றியச் சாலைன்னு தெளிவா போட்டுருக்காங்க, நீளம் அகலம் எல்லாம் இருக்கு. செமஸ்டர் எக்ஸாம்ல மறந்துட்டேன்

சித்தப்பா, 10.53
எப்படா வந்துச்சு

தம்பி, 10.53
ஆகஸ்ட்

சின்ன மாமா, 10.54
மாப்ளைக்கு மாவட்டப் பொறுப்பே குடுக்கலாம். எல்லாத் தகுதியும் வந்துருச்சு

மதுரை அத்தை, 10.58
சிரிக்காதீங்க, அவன் ஒருத்தன்தான் உருப்படியா ஒரு பேப்பர் வாங்கிருக்கான். அப்ப துறை ஊரக வளர்ச்சி, ஹைவேஸ் பேச்சே எடுக்காதீங்க. இந்த மாசம் 11ந்தேதி கிராம சபையில மூணு முக்கியத் தேவை எழுதச் சொன்னாங்கல்ல, அதுல பாலம் இருக்கா?

நான், 11.01
மூணாவதா இருக்கு அத்தை. மொதல்ல தண்ணித் தொட்டி, ரெண்டாவது மயானத்துக்குப் பாதை. கூட்டத்துல நானும் இருந்தேன், இருந்த நாப்பது பேர்ல பாதிப் பேரு டீ வர்ற வரைக்கும்தான்

மதுரை அத்தை, 11.02
போதும். அந்தத் தீர்மான நகலு, தகவல் உரிமைப் பதிலு, மாப்ள காலையில எடுத்த பாலத்துப் போட்டோ மூணையும் பின்னாடி வைக்கணும்

மதுரை அத்தை, 11.40
இப்படி எழுதிருக்கேன், பாத்துச் சொல்லுங்க:
பெறுநர், தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009. ஐயா, எங்கள் ஊரையும் பிரதான சாலையையும் இணைக்கும் ஊராட்சி ஒன்றியச் சாலையில் ஓடையின் குறுக்கே உள்ள தரைப்பாலம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நீரில் மூழ்குகிறது. அந்நாட்களில் பள்ளி மாணவர்களும் நோயாளிகளும் ஓடையைக் கடக்க இயலவில்லை. இவ்விடத்தில் உயர்மட்டப் பாலம் அமைத்துத் தர வேண்டுகிறோம்.

சித்தப்பா, 11.44
நல்லாருக்குக்கா. ஆரம்பத்துல "மக்கள் நலத் திட்டங்கள் பலவற்றை நிறைவேற்றிவரும்"னு ஒரு வரி

மதுரை அத்தை, 11.44
கூடாது

சின்ன மாமா, 11.45
நாலரை வருசமா யாரும் கண்டுக்கலங்கிறதயாச்சும்

மதுரை அத்தை, 11.45
அதுவும் கூடாது

சிங்கப்பூர் அண்ணன், 11.50
அந்தக் குழு சொன்னா கட்டிருவாங்களா அத்தை?

மதுரை அத்தை, 11.58
கட்டுறேன்னு யாரும் எழுதிக் குடுக்கமாட்டாங்க. துறையிலருந்து பதில் வாங்குவாங்க, பெரும்பாலும் "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்"னு வரும். ஆனா அந்த பதிலுக்கு ஒரு நம்பரு இருக்கும். எஸ்டிமேட் போட்டாச்சான்னு அடுத்து வர்றவன்ட்ட அத வச்சுக் கேக்கலாம். அதே பாலத்த ஒரு மந்திரி சபைக்குள்ள நின்னு செய்யிறோம்னு சொல்லிட்டா அரசு உறுதிமொழிக் குழுன்னு இன்னொண்ணு இருக்கு, சொன்னத செஞ்சாங்களான்னு பாக்க. அதுக்கு நம்ம எம்எல்ஏ கேள்வி போடணும். மாப்ள, பேச்சுவார்த்தை இப்ப இருக்கா

சின்ன மாமா, 12.03
இருக்கு அண்ணி. போன மாசம் அவரு மக சடங்குக்குப் போயி மொய் எழுதுனேன்

மதுரை அத்தை, 12.03
அப்ப ஜனவரி சபைக்கு இந்தக் கேள்விய எழுதிக் குடுங்க. இந்தச் சபைக்கு மே மாசம் வரைக்கும்தான் ஆயுசு. தம்பி நீ ஊருல கையெழுத்து வாங்கு

சித்தப்பா, 12.10
அடுத்த வாரத்துக்குள்ள முடிச்சுரணும்க்கா. நவம்பர் 4லருந்து வாக்காளர் பட்டியல் திருத்தம், வாக்குச்சாவடி ஆபீசர் வீடு வீடா வந்து ஃபார்ம் குடுப்பாரு, நான் எங்க கட்சிக்கு நம்ம பூத்துல பாக முகவரு, மாப்ள அவங்க கட்சிக்கு பாக முகவரு, ஒரு மாசத்துக்கு ரெண்டு பேரும் தெருத் தெருவா அந்த ஆபீசர் பின்னாடிதான்

நான், 12.12
யாரு மொதக் கையெழுத்து?

சித்தப்பா, 12.12
நான் கிளைச் செயலாளர்

சின்ன மாமா, 12.12
வயசுல நான் ரெண்டு வருசம் மூப்பு

பெரியக்கா (அட்மின்), 12.15
அப்பத்தா போடட்டும். அதுக்கு மேல யாரும் கெடையாது

வெள்ளி, 31 அக்டோபர் 2025

தம்பி, மாலை 5.20
62 கையெழுத்து ஆச்சு. அப்பத்தா மொதல்ல போட்டுச்சு, பேனாவ எடுத்து அஞ்சு நிமிசம் யோசிச்சு, எதுக்குடா இதுன்னு கேட்டுச்சு, பாலத்துக்குன்னேன், உங்க ஐயாவத் தூக்கிட்டுப் போனப்பயும் இடுப்பளவு தண்ணிடான்னு சொல்லிட்டுப் போட்டுச்சு

மதுரை அத்தை, 5.26
எல்லாருக்கும் தேதி இருக்கா

தம்பி, 5.31
அப்பாவுக்கு மட்டும் இல்ல. நேத்து விளக்கு வைக்கிற நேரத்துல அவசரமா போட்டாரு

மதுரை அத்தை, 5.31
போடச் சொல்லு

தம்பி, 6.15
போட்டாரு. கொரியர்காரர் வந்துட்டாரு, கவர் ஒட்டப்போறேன்

தம்பி, 6.19
அத்தை நாலு காப்பிதான் இருக்கு

மதுரை அத்தை, 6.20
அஞ்சு எடுக்கச் சொன்னேனே

தம்பி, 6.20
அஞ்சுதான் எடுத்தேன். அஞ்சுலயும் கையெழுத்து வாங்குனேன்

சின்ன மாமா, 6.24
(போட்டோ)
என் ஃபோனுக்கு வந்துச்சு. மச்சான் ஸ்டேட்டஸ்ல இருக்கு. அவரு கட்சி மாவட்டச் செயலாளர்ட்ட நம்ம மனுவக் குடுக்குறாரு, சால்வையோட

சித்தப்பா, 6.25
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பெரியக்கா (அட்மின்), 6.26
சித்தப்பா, 100. அப்பறம் மறுபடி 62 பேரு வீட்டுக்கும் நீங்களே போங்க

பெரியம்மா, 6.30
(வாய்ஸ் மெசேஜ், 0.12)

பெரியக்கா (அட்மின்), 6.31
அப்படியே மேலத் தெரு கெழவி வீட்டுக்கும் போயி முகாம் என்னைக்குன்னு சொல்லிட்டு வரச் சொல்றாங்க