சைக்கிளைத் துடைக்க மனசு வர என்ன செய்யலாம்?

வணக்கம். மும்பையில் மாட்டுங்காவிலிருந்து வடாலாவுக்குத் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். ஜூனில் தொடங்கிய மழையும் சேறும் இன்னும் விட்டபாடில்லை. நேற்று செயினைத் தொட்டேன், விரலெல்லாம் செம்பழுப்புத் துரு. அப்பா வாங்கித் தந்த வண்டி; மனசே கேட்கவில்லை.

செய்முறை தெரியும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். மிச்ச எண்ணெயை வழித்தெடுக்காவிட்டால் தூசி அப்பிக்கொள்ளும். எல்லாம் 20 நிமிடம்தான். ஆனால் இரவு வீடு திரும்பி 3 மாடி ஏறிவிட்டால் மறுபடி இறங்கத் தோன்றுவதில்லை. சரி, ஞாயிறு பார்க்கலாம் என்றால் ஞாயிறும் போய்விடுகிறது.

தினமும் ஓட்டுகிறவர்களே, இதை எப்படிப் பழக்கமாக்கினீர்கள்? கிங்ஸ் சர்க்கிள் பக்கம் யாராவது வாரம் ஒருநாள் சேர்ந்து துடைக்க வருவீர்களா? எண்ணெயும் துணியும் நான் கொண்டுவருகிறேன்.