எதிர்வீட்டு மாடியில் டவர்: ஜன்னலுக்கு ஃபிலிம் ஒட்டலாமா?

மூன்றாம்மாடி:
திருச்சி தில்லைநகரில் இருக்கிறோம். எதிர்வீட்டு மொட்டைமாடியில் செல்போன் டவர். எங்கள் படுக்கையறை ஜன்னலிலிருந்து 35 மீட்டர் இருக்கும், ஏறக்குறைய நேர் உயரம். போன வாரம் ஒருவர் கையில் மீட்டரோடு வந்தார். பால்கனியில் நீட்டியதும் 3,000 என்று காட்டி, சிவப்பு விளக்கு எரிந்து, கீச்கீச்சென்று கத்தியது. ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு ஃபிலிம் ஒட்டினால் டவர் அலை 99 சதவீதம் நின்றுவிடுமாம். இரண்டு ஜன்னலுக்கு 28,000 ரூபாய். வீட்டில் ஐந்து வயதுப் பையன் இருக்கிறான். மனைவி ஒட்டிவிடலாம் என்கிறாள், எனக்குத்தான் கை வரவில்லை.

ஹாம்கிறுக்கன்:
3,000 என்ன என்று கேட்டீர்களா? சதுர மீட்டருக்கு மைக்ரோவாட் என்றால் அது 3 மில்லிவாட். 2012ல் நம் அரசு சர்வதேச வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. குறைத்த பிறகும் அந்த வரம்பு 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 450 மில்லிவாட், 1800 மெகாஹெர்ட்ஸில் 900 மில்லிவாட். உங்கள் பால்கனியில் இருப்பது அதில் நூற்றைம்பதில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு என்றே வைத்துக்கொள்ளலாம். எந்த எண்ணில் சிவப்பு எரிய வேண்டும் என்பதை மீட்டர் செய்தவர்தான் வைக்கிறார். ஜெர்மனியில் கட்டட உயிரியல் என்று ஒரு கூட்டம் உண்டு, அவர்கள் கணக்கில் 1,000 மைக்ரோவாட் தாண்டினாலே உச்சக் கவலை. பல மலிவு மீட்டர்கள் அந்த மாதிரி அளவுகோலில்தான் கத்துகின்றன.

இருபிள்ளைத்தாய்:
வரம்பு வரம்பு என்று சொல்லியே வாயை அடைக்காதீர்கள் சார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமைதானே 2011ல் இந்த ரேடியோ அலையை 2பி பட்டியலில், 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்று சேர்த்தது? 2017ல் குவாலியரில் வீட்டு வேலை செய்யும் ஒருவர் போட்ட மனுவில் உச்ச நீதிமன்றமே ஒரு டவரை நிறுத்தச் சொல்லவில்லையா? நாளைக்கு ஏதாவது ஆனால் இந்த வரம்பு வந்து ஆஸ்பத்திரி பில் கட்டுமா?

ஹாம்கிறுக்கன்:
அதே 2பி பட்டியலில் கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கிறது மேடம், ஆசியப் பாரம்பரிய ஊறுகாய்க் காய்களும் இருக்கின்றன. 'சந்தேகம் தீரவில்லை' என்பதற்கான பட்டியல் அது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்த பெரிய மறுஆய்வு 2024ல் வந்தது, மொபைலுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள். குவாலியர் உத்தரவு ஒரு டவரை நிறுத்தியது, அறிவியல் கேள்வியை முடித்துவைக்கவில்லை.

பழையவயர்மேன்:
எங்கள் தெருவில் ஒருவர் சமையலறை ஃபாயிலைக் கண்ணாடி முழுக்க ஒட்டினார். சித்திரை வெயிலில் கண்ணாடி ஓரத்திலிருந்து டப்பென்று விரிசல் விட்டது. கண்ணாடிக்காரர் வந்து பார்த்து ஒரு சிரி சிரித்துவிட்டுப் போனார். சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வலைக்காரர்:
நான் கொசுவலை அடிக்கும் தொழில், 14 வருஷமாக. சாம்பல் நிற ஃபைபர் வலை இந்த அலையை ஒன்றும் செய்யாது. எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலை நன்றாகத் தடுக்கும், எனக்கே தெரியாமல்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வீட்டில் ஹால், படுக்கையறை, பால்கனி கதவு எல்லாவற்றுக்கும் எஸ்.எஸ். போட்டுக் கொடுத்தேன். பத்தாம் நாள் போன்: 'தம்பி, பேங்க் ஓடிபி வரமாட்டேன் என்கிறது, ஒவ்வொரு தடவையும் மாடிப்படிக்கு ஓடுகிறேன், பால்கனி வலையையாவது கழற்று.' அவர் வீட்டுப் பக்கம் முதலிலிருந்தே சிக்னல் சுமார்தான்.

இருபிள்ளைத்தாய்:
பாருங்கள், தடுக்கிறது என்று தொழில்காரரே சொல்கிறார்! அப்புறம் என்ன?

ஹாம்கிறுக்கன்:
தடுக்காது என்று நான் சொல்லவே இல்லையே. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 செ.மீ., 3,500ல் கூட 8 செ.மீ.க்கு மேல். வலையின் ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டையில் அது நுழையத் திணறும். மைக்ரோவேவ் அடுப்புக் கதவில் இருக்கும் துளைத் தகடும் இதே வேலைதான் செய்கிறது. ஆனால் வலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், அது வழியாக வந்துவிடும். பொடி ஓட்டைகள் ஆயிரம் இருக்கலாம், நீளமான ஒரு கோடு இருக்கக்கூடாது. ஸ்லைடிங் ஜன்னலில் அந்தக் கோடு இல்லாமல் செய்து பாருங்கள்.

சரி, ஜன்னலையே சுத்தமாக அடைத்துவிட்டோம் என்று வையுங்கள். அறைக்குள் வருவதில் முக்கால் பங்கு ஜன்னல் வழி, கால் பங்கு செங்கல் சுவரும் மரக்கதவும் வழி என்றால், 100 என்பது 25 ஆகும், 1 ஆகாது. ஃபிலிம்காரர் சொல்லும் 99 அந்தக் கண்ணாடித் துண்டுக்கு மட்டும்தான். இன்னொன்று, சிக்னல் குறைந்தால் கையில் இருக்கும் போன் குரலை உயர்த்தும். 2ஜி போன் 900ல் தேவைப்பட்டால் 2 வாட் வரை போகும். டவருக்குப் பயந்து காதோரம் அடுப்பு மூட்டுகிற கதை.

இருபிள்ளைத்தாய்:
ராத்திரி குழந்தை தூங்கும் அறையில் போன் எதற்கு? ஹாலில் வைத்துவிட்டுப் போனால் உங்கள் 2 வாட் கதை முடிந்தது. 100 என்பது 25 ஆனால்கூட எனக்கு லாபம்தான். வெளிநாட்டில் வெயில் தடுக்கும் வெள்ளிப்பூச்சுக் கண்ணாடியால் ரயிலுக்குள் சிக்னலே கிடைக்காமல், சுவிட்சர்லாந்தில் அந்தப் பூச்சை லேசரால் கீறிவிட்டார்கள் என்று படித்தேன். அந்தப் பூச்சுக் கண்ணாடிக்கு நடுவில் உட்கார்ந்து யாரும் செத்துவிடவில்லை. நான் அடைத்தால் மட்டும் ஏன் கேலி?

ஹாம்கிறுக்கன்:
கேலி இல்லை மேடம். அந்த ரயில் உதாரணம் சரியானதுதான், ஒப்புக்கொள்கிறேன். 28,000 ரூபாய்தான் என் பிரச்சினை. மூன்றாம்மாடி சார், ஃபிலிம் சாம்பிள் வாங்குங்கள். போனில் சிக்னல் அளவு காட்டும் ஆப் இலவசம். போனை அதில் சுற்றி, மணி அடிக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். டவர் எதிரிலேயே இருப்பதால் 99 சதவீதம் போனாலும் மணி அடிக்கும். ஆப் காட்டும் எண்ணைப் பாருங்கள், அது டெசிபெல் என்ற அளவில் இருக்கும்; 99 சதவீதம் உண்மையானால் 20 டெசிபெல் இறங்க வேண்டும். 10 இறங்கினால் 90 சதவீதம், 3 என்றால் பாதி. இன்னும் சந்தேகம் என்றால் தரங் சஞ்சார் தளத்தில் 4,000 ரூபாயும் வரியும் கட்டுங்கள், தொலைத்தொடர்புத் துறை ஆட்களே வந்து அளப்பார்கள்.

மூன்றாம்மாடி:
செய்தேன். சாம்பிளை இரண்டு மடிப்பாகச் சுற்றி, ஓரத்தையும் மடக்கி, ஜன்னலோரம் வைத்தேன். சுற்றாமல் மைனஸ் 72, சுற்றினால் மைனஸ் 75, சில நேரம் 76. ஐந்து தடவை பார்த்தேன், இறங்கியது மூன்று நான்கு டெசிபெல்தான். அதே போனைச் சமையலறை ஃபாயிலில் சுற்றினால் 'சேவை இல்லை'. அந்த ஆளைக் கூப்பிட்டுச் சொன்னேன். 'மொத்த ஜன்னலுக்கும் ஒட்டினால்தான் எஃபெக்ட் தெரியும் சார்' என்றார்.

பழையவயர்மேன்:
அது வெயிலுக்கு ஒட்டும் சன் ஃபிலிம்தான். சதுர அடி கணக்கில் கடையில் கிடைக்கும்.

ஹாம்கிறுக்கன்:
பையன் கட்டில் பக்கம் வைஃபை பெட்டி இருக்கிறதா?

மூன்றாம்மாடி:
தலைமாட்டு அலமாரியில். ஒரு அடி தூரம். ஏன்?

ஹாம்கிறுக்கன்:
100 மில்லிவாட் ரவுட்டர், 30 செ.மீ. தூரத்தில், அலை விடும் அந்த நொடியில் சதுர மீட்டருக்கு 88,000 மைக்ரோவாட் சுமார். உங்களைக் கத்த வைத்த டவர் 3,000. ரவுட்டர் விட்டு விட்டுத்தான் அனுப்பும், சராசரி வெகுவாகக் குறையும், அதுவும் வரம்புக்குள்தான். பயமுறுத்தவில்லை. ஆனால் கவலைப்படுவதாக இருந்தால் அதிலிருந்து ஆரம்பியுங்கள். ஜன்னலை உலோகத்தால் அடைத்தால் அந்த அலை அறைக்குள்ளேயே முட்டித் திரும்பும், அது வேறு.

இருபிள்ளைத்தாய்:
ரவுட்டரை ராத்திரி நான் அணைக்கலாம். எதிர்வீட்டு டவரை யார் அணைப்பது? என்னைக் கேட்காமல் வைத்தார்கள், வாடகை எதிர்வீட்டுக்குப் போகிறது. உங்கள் மில்லிவாட் கணக்கில் இது எங்கே வரும்?

ஹாம்கிறுக்கன்:
வராது. அது நியாயமான கோபம். ஃபிலிம்காரருக்கு அந்தக் கோபம்தான் முதலீடு.

மூன்றாம்மாடி:
ரவுட்டர் ஹாலுக்குப் போயாயிற்று. ஃபிலிம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனைவி இன்னும் சமாதானமாகவில்லை. எப்படியும் கொசு தொல்லை இருக்கிறது, படுக்கையறைக்கு மட்டும் எஸ்.எஸ். போட்டுவிடலாம் என்கிறாள். வலைக்காரரே, ஃபைபரை விட எவ்வளவு கூட ஆகும்?

வலைக்காரர்:
அளவு எடுத்துத்தான் சொல்ல முடியும் சார், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கொசுவுக்கு நான் கேரண்டி. ஓடிபிக்கு ஹாலுக்கு வந்து நிற்க வேண்டியிருந்தால், அதற்கு மட்டும் என்னைக் கூப்பிடக் கூடாது.