விமானத்துக்கு என்ன நிறம்?

தம்பி: எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் நம் விமானத்துக்கு வர்ணம் பூசுகிறோம். வெள்ளை, வான்நீலம், மஞ்சள், மூன்று மாதிரிகளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எது நன்றாக இருக்கிறது?

ஆயா: மஞ்சள் பூசு ராஜா. முருகனுக்கு உகந்தது.

அக்கா: வான்நீலம்தான் அழகு.

மாமா: வான்நீலம் வேண்டவே வேண்டாம். வானத்தின் நிறத்தையே பூசிக்கொண்டு வானத்தில் போனால் எதிரே வருகிறவன் கண்ணுக்கு எப்படித் தெரிவாய்? வெள்ளையும் ஆகாது. ஒருமுறை நம் டர்பன் வர்ஜினியா விமான நிலையத்திலிருந்து கிளம்பி உம்லாங்கா கடலோரமாகப் போய்க்கொண்டிருந்தேன். மேகத்துக்கு முன்னால் ஒரு வெள்ளை விமானம். கண்ணாடியில் ஒட்டிய பூச்சி என்று நினைத்தேன். மோத வருகிற விமானம் கண்ணாடியில் இடம் மாறாது தம்பி, அதே புள்ளியில் நின்றபடி பெரிதாகும். இறக்கை தெரிந்ததும் சட்டென்று வலப்பக்கம் திருப்பினேன்.

அக்கா: இத்தனை நாள் சொல்லவே இல்லையே மாமா!

மாமா: உங்கள் அத்தை பயப்படுவாள் என்று சொல்லவில்லை.

தம்பி: அப்படியானால் மஞ்சளா?

மாமா: தூரத்தில் நிறம் எடுபடாது. வெளிச்சமா இருட்டா என்பதுதான் கண்ணுக்கு எட்டும். தைப்பூசத்தில் அத்தனை மஞ்சள் உடைகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் குடை எப்படித் தனியாகத் தெரிகிறது! பகல் வானத்தில் கறுப்பும் அப்படித்தான். பிரிட்டிஷ் விமானப்படை இதைச் சோதித்துப் பார்த்துவிட்டு 1990களில் ஹாக், டுக்கானோ பயிற்சி விமானங்களுக்குப் பளபளக்கும் கறுப்பைப் பூசியது.

ஆயா: நல்ல காரியத்துக்குக் கறுப்பா?

தம்பி: டர்பன் வெயிலில் கொதிக்குமே மாமா? காற்றில் மிதந்து போகிற கிளைடர் விமானங்களுக்கு வெள்ளைதானே பூசுகிறார்கள்?

மாமா: அவை பெரும்பாலும் கண்ணாடியிழையும் பிசினும். சூடேறினால் பிசின் இளகும். உன்னுடையது அலுமினியம், அந்தக் கவலை இல்லை. பக்கங்களும் அடிப்பகுதியும் கறுப்பு. மேலே ஆயா சொன்ன மஞ்சள். கீழே கரும்புத் தோட்டம் பச்சையாகக் கிடக்கும்போது மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது பளிச்சென்று தெரியும். கோடு, பூ வேலைப்பாடு எதுவும் வேண்டாம், உருவத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். இன்னொன்று, வாலில் அசைகிற பலகைகளுக்கும் இறக்கை ஓரத்தில் அசைகிற எய்லிரான்களுக்கும் பூசிய பிறகு எடைச் சமநிலையை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். அதில் தவறினால் வேகத்தில் அதிர்ந்து பிய்ந்துபோகும்.

அக்கா: சின்னவனிடம் நான்கு அட்டைகளைக் கொடுத்துத் தெருக்கோடி மேட்டில் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். நீலம் இருந்த இடமே தெரியவில்லை. கறுப்பு மட்டும் வானத்தில் ஓட்டை விழுந்ததுபோல் நிற்கிறது. மாமா சொன்னபடியே செய்யுங்கள்.

தம்பி: சரி மாமா. நாளைக்கே கறுப்பு டின் வாங்குகிறேன்.

ஆயா: மேலே மஞ்சள் இருந்தால் எனக்குப் போதும். முதலில் அதைப் பூசு. சாம்பிராணியோடு வருகிறேன்.