கப்பலில் இருக்கும்போதே அடுத்த பயணத்துக்கு அட்வான்ஸ்: லாபமா, தலையில் கட்டிவிட்டார்களா?

ஐந்துரோடு அக்கா:
இந்த மார்ச்சில் சிங்கப்பூரிலிருந்து 4 இரவு கப்பல் பயணம் போய்வந்தோம். நான், வீட்டுக்காரர், பெண், பையன், நாலு பேரும் ஒரே கேபின். மூன்றாம் நாள் மதியம் பிள்ளைகள் நீச்சல் குளத்தை விட்டு வரவே மாட்டேன் என்றார்கள், நாங்கள் இரண்டு பேரும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது அடுத்த பயணம் விற்கிற மேசை கண்ணில் பட்டது. கப்பலை விட்டு இறங்குவதற்குள் பதிவு செய்தால் அட்வான்ஸ் குறைவு, அதோடு அடுத்த தடவை கப்பலுக்குள் செலவழிக்க கேபினுக்கு 100 டாலர் கிரெடிட் என்றார்கள். அடுத்த வருஷம் மே லீவுக்கு என்று ஆளுக்கு 100 டாலர் வீதம் 400 டாலர் கட்டிவிட்டோம். ஊருக்கு வந்து சொன்னால் கொழுந்தனார் சிரிக்கிறார், "நல்லா தலையில் கட்டிட்டாங்க அண்ணி" என்று. எப்படியும் போகத்தான் போகிறோம், அப்புறம் என்ன ஏமாற்று? ஏமாந்துவிட்டாய் என்று சொல்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரன்:
கணக்கு கேட்டீர்கள், இந்தாங்க. கார்டில் டாலரில் தேய்த்தால் நம்ம ஊர் கார்டுகள் பலவற்றில் வங்கி கூடுதலாக எடுக்கிற மார்க்கப் 3.5 சதவீதம், அந்த மார்க்கப் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 400 டாலருக்கு பதினாறரை டாலர் அங்கேயே போச்சு. அடுத்து டிப்ஸ், கப்பல் ஊழியர்களுக்கு என்று பில்லில் சேர்க்கிற தொகை. ராயல் கரீபியன் கப்பல்களில் 2023 நவம்பரிலிருந்து சாதாரண கேபினுக்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர். நாலு பேர், நாலு இரவு, 296 டாலர் ஆகிறது. உங்கள் 100 டாலர் கிரெடிட் அதில் மூன்றில் ஒரு பங்குதான். இன்னொன்று, நான் வெள்ளி வியாபாரம் செய்கிறவன். பார்ட்டியிடம் அட்வான்ஸ் வாங்கினால் அன்றைய விலைக்கு நான் கட்டுப்பட வேண்டும். உங்களுக்கோ 400 டாலர் மட்டும்தான் இன்றைய ரேட், மீதி 2,000 டாலரோ என்னவோ, அதைக் கட்டுகிற அன்று ரூபாய் எங்கே இருக்கிறதோ அந்த ரேட். 2024 தொடக்கத்தில் ஒரு டாலர் 83 ரூபாய், 2025 டிசம்பரில் 90 தாண்டிவிட்டது. 2,000 டாலருக்கு 14,000 ரூபாய் வித்தியாசம். 100 டாலர் கிரெடிட் என்பது 9,000 ரூபாய். முடிந்தது கதை.

ஐந்துரோடு அக்கா:
தம்பி, ரூபாய் விழுந்தால் சேலத்தில் வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்தாலும் அதே 14,000 கூடத்தானே ஆகும்? கப்பலில் பதிவு செய்ததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? டிப்ஸும் அப்படித்தான், எங்கே பதிவு செய்தாலும் அதே தொகைதான். பதினாறரை டாலர் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரன்:
சரி, அது நியாயம்தான். ஆனால் வீட்டில் இருந்திருந்தால் ரேட்டைப் பார்த்துவிட்டு இந்த வருஷம் வேண்டாம் என்று விட்டிருப்பீர்கள். கப்பலில் உப்புக்காற்று அடிக்கும்போது யாருக்கு அந்த யோசனை வரும்?

ஏற்காடு விடுதிக்காரர்:
விற்கிறவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மேலே எனக்கு ஆறு அறை உள்ள சின்ன விடுதி. மே மாதம் கோடை விழாவுக்கு வந்து தங்குகிற குடும்பங்களில் இரண்டு மூன்று பேராவது கிளம்புகிற அன்று காலையில், மூட்டை கட்டியாகிவிட்டது, பிள்ளை இன்னும் ஒரு நாள் இருக்கலாம் என்று அழுகிறது, அப்போதுதான் அடுத்த மே மாதத்துக்கு அறை வேண்டும் என்று கையில் பணத்தைத் திணிப்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம் போய்ச் சேர்ந்துவிட்டால் அதே மனிதர் போனை எடுக்க மாட்டார். அந்த அரைமணி நேரத்து மனசுக்குத்தான் விலை. கப்பல்காரன் மேசையைக் கப்பலுக்குள்ளேயே போட்டிருப்பதும் அதனால்தான். இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், நானும் அதே பிழைப்புதான். ஆனால் யாராவது வர முடியாமல் போனால் அந்த அட்வான்ஸை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்கிறேன். உங்கள் கப்பல்காரன் என்ன செய்வான்? அதைக் கேட்டீர்களா அக்கா?

அம்மாபேட்டை தறி:
அக்காவால் பதில் சொல்ல முடியாது, நான் சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. நாங்களும் இப்படித்தான் கப்பலில் வைத்து அடுத்ததற்குப் பணம் கட்டினோம். கிளம்ப நாலு மாசம் இருக்கும்போது மாமனாருக்கு முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தார், விட்டுவிட்டுப் போக முடியுமா? ரத்து செய்யக் கேட்டோம். இது திருப்பித் தராத வகை அட்வான்ஸ் என்றார்கள். எங்களுக்குப் பதிலாக என் தங்கை குடும்பம் போகட்டும் என்றால் பெயர் மாற்ற முடியாதாம். அந்த மேசையில் பேசும்போது மாற்றிக்கலாம், மாற்றிக்கலாம் என்றுதான் காதில் விழுந்தது, பொடி எழுத்து ஆங்கிலத்தில் ஆறு பக்கம் காகிதம், யார் படித்தார்கள்? ரத்தமாய் உழைத்த காசு. கொழுந்தனார் சொன்னது சரி.

அஸ்தம்பட்டி டிக்கெட்:
நான் டிராவல்ஸ் நடத்துகிறவன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அதற்கு ஒரு சண்டை வேண்டாம். எல்லோரும் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்புகிறீர்கள். ஒன்று, கப்பல், தேதி, கேபின் எல்லாம் குறித்துப் பதிவு செய்வது. இன்னொன்று, தேதியே சொல்லாமல் ஒரு தொகையைக் கட்டி வைத்துவிட்டுப் பிறகு தேர்ந்தெடுப்பது. பிரின்சஸ் கப்பல் கம்பெனி ஆளுக்கு 100 டாலர் வாங்கி வைத்துக்கொள்வதும், நார்வேஜியன் கம்பெனியின் குரூஸ்நெக்ஸ்ட் திட்டமும் இரண்டாவது ரகம். அவற்றிலும் பணம் திரும்புமா, எத்தனை மாசத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அக்கா கட்டியது முதல் ரகம். அதில் எல்லாமே அட்வான்ஸ் எந்த வகை என்பதில்தான் இருக்கிறது. அம்மாபேட்டைக்காரர் கேட்க மறந்தது அதைத்தான்.

இன்னொன்றை யாரும் பேசவில்லை. நாலு பேர் ஒரே கேபினில் படுக்க வேண்டும் என்றால் சீக்கிரம் பதிவு செய்வதைத் தவிர வழியில்லை. அந்த மாதிரி கேபின் குறைவு. இருந்தாலும் எல்லாவற்றையும் நிரப்ப முடியாது, ஏனென்றால் கப்பலின் ஒவ்வொரு பகுதி ஆட்களுக்கும் ஒதுக்கிய உயிர்காக்கும் படகில் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. அதனால் கேபின் காலியாக இருந்தும் மூன்றாவது நாலாவது ஆளை ஏற்ற மாட்டார்கள். பள்ளி லீவில் இது இன்னும் மோசம். 100 டாலர் கிரெடிட் எல்லாம் சும்மா, அக்கா வாங்கியது உண்மையில் அந்தக் கேபினைத்தான்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரன்:
சீக்கிரம் பதிவு செய்ய வேண்டும், சரி. உங்கள் கடையில் வந்து செய்தால் ஆகாதா? கப்பலில்தான் செய்ய வேண்டுமா?

அஸ்தம்பட்டி டிக்கெட்:
செய்யலாமே, வாங்க, டீ தருகிறேன். ஆனால் அந்தக் கிரெடிட்டை என்னால் தர முடியாது. பல கம்பெனிகளில் கப்பலில் செய்த பதிவை ஒரு கெடுவுக்குள் ஏஜென்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், சலுகை போகாது, பிரச்சினை வந்தால் பேச ஊரில் ஒரு ஆளும் இருப்பான். ஆமாம், எனக்கு கமிஷன் வரும். அந்த மேசையில் சிரித்துப் பேசினவருக்கு மட்டும் வராதா என்ன?

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரன்:
ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே பணம் கொடுக்கும்போது கம்பெனி அதுவரை இருக்குமா என்றும் பார்க்க வேண்டும். ஜலேஷ் என்று ஒன்று 2019 ஏப்ரலில் மும்பையிலிருந்து பெரிதாக ஆரம்பித்தார்கள், 2020 அக்டோபரில் மூடிவிட்டார்கள், கப்பல் உடைக்கிறதற்கு அலங் போய்விட்டது. ஜென்டிங் ஹாங்காங் என்ற இன்னொரு கப்பல் கம்பெனி 2022 ஜனவரியில் கலைப்பு மனு போட்டது. அவர்களுடைய ஜென்டிங் ட்ரீம் கப்பல் அந்த ஜூனிலேயே ரிசார்ட்ஸ் வேர்ல்ட் என்ற வேறு கம்பெனி பெயரில் சிங்கப்பூரிலிருந்து ஓட ஆரம்பித்தது. கப்பல் ஓடுகிறது என்பதற்காக பழைய முதலாளியிடம் கட்டிய பணத்துக்குப் புது முதலாளி பொறுப்பா?

ஏற்காடு விடுதிக்காரர்:
அது கொரோனா காலம் தம்பி. அப்போது என் விடுதியும்தான் மூடிக் கிடந்தது.

ஐந்துரோடு அக்கா:
நேற்று ராத்திரி அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பெண்ணை விட்டுப் படிக்கச் சொன்னேன். அம்மாபேட்டை சொன்னதுதான். திருப்பித் தராத வகை. தேதி மாற்றலாம், ஆனால் ஆளுக்கு 100 டாலர் பிடித்துக்கொள்வார்களாம், அதாவது மாற்றினால் கட்டின 400-ம் காலி. கிரெடிட்டும் அந்தப் பயணத்திலேயே செலவழித்தாக வேண்டும், மிச்சம் பணமாகக் கையில் வராது. முழுப் பணம் கட்ட கிளம்புகிற நாளுக்கு 75 நாள் முன்பு வரை கெடு. மேசையில் இதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் போகத்தான் போகிறோம். இன்னொன்று, கொழுந்தனார் இருக்கிறாரே, சிரித்தவர், அவர் பிள்ளைகள் இரண்டும் அழுது அடம்பிடிக்க, தானும் வருகிறேன் என்று நேற்று போனில் பார்த்திருக்கிறார். அந்தத் தேதிக்கு நாலு பேர் கேபின் இல்லையாம். இரண்டு கேபின் எடுக்க வேண்டுமாம்.

ஏற்காடு விடுதிக்காரர்:
மே மாதம் என்றால் இங்கேயும் அறை இல்லை, அவரிடம் சொல்லிவிடுங்கள்.